எலும்பு செத்துப்போச்சு என்று சொன்னால்: இடுப்பு மூட்டு பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு 29 வயதில் இரண்டு இடுப்பு மூட்டும் பழுதாகின. இடப்பக்கம் மாற்று மூட்டு வைத்தார்கள். வலப்பக்கம் துளை போட்டு அவனுடைய சொந்த எலும்பைக் காப்பாற்றினார்கள். அவனோடு கிளினிக் வாங்குகளில் காத்திருந்த நாட்களிலும், பிறகு ஒட்டுசுட்டான், மாங்குளம் பஸ்களிலும், இப்போது தொலைபேசியிலும் ஒரே கேள்விகள்தான் என்னிடம் வருகின்றன. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. தம்பியைப் பார்த்த வைத்தியர்களிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் எலும்பு வைத்தியர்தான்.

எலும்பு செத்துப்போச்சு எண்டு டொக்டர் சொல்லுறார். எலும்பும் சாகுமோ?

சாகும். எலும்பு உயிருள்ள பொருள், அதற்கும் இரத்தம் வேண்டும். தொடையெலும்பின் மேல் நுனியில் பந்துபோல ஒரு தலை இருக்கிறது. இடுப்புக் குழிக்குள் சுழல்வது அதுதான். அந்தத் தலைக்கு இரத்தம் வரும் பாதை ஒடுக்கமானது. எலும்பின் கழுத்தைச் சுற்றி ஏறிவரும் சில சிறு குழாய்களை நம்பியே அது இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள். நடுவில் எங்கே அடைத்தாலும் முதலில் காய்வது கடைசி வயல். இந்தத் தலையும் அப்படித்தான். கிளினிக் துண்டில் ‘ஏ.வி.என்’ (அவாஸ்குலர் நெக்ரோசிஸ், இரத்தம் இல்லாமல் எலும்பு சாவது) என்று எழுதியிருப்பது இதைத்தான்.

செத்த எலும்பு அன்றைக்கே நொறுங்காது. உடம்பு அதை அரித்து எடுத்துவிட்டுப் புது எலும்பு வைக்கப் பார்க்கும். அரிக்கும் வேகத்துக்குக் கட்டும் வேகம் ஈடுகொடுக்காது. வெளியே உருண்டையாகத் தெரியும் தலை, உள்ளே கறையான் அரித்த மரம்போல ஆகிவிடும். அதன்மேல் உடம்புப் பாரம் ஏற ஏற ஒருநாள் வெடித்துத் தட்டையாகும். இந்த உருண்டை உடைந்ததா இல்லையா என்பதிலேயே கீழே வரும் பதில்கள் எல்லாம் தங்கியிருக்கின்றன.

எனக்கு நோவு முழங்காலிலதான். பிறகேன் இடுப்பைப் படம் எடுக்கச் சொல்லுறியள்?

இதில் நாங்கள் எட்டு மாதம் இழந்தோம். தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனான். இரண்டு தடவை முழங்காலைப் படம் எடுத்தார்கள், இரண்டு தடவையும் ஒன்றுமில்லை என்றார்கள். லாண்ட்மாஸ்டரில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைப்பான். சாறம் மடித்துக் கட்டிச் சப்பாணி போட்டு இருக்கிறவன், கதிரை கேட்கத் தொடங்கினான். அதை நானும் கவனித்தேன், ஆனால் அர்த்தம் விளங்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த வைத்தியர் அவனைப் படுக்கவைத்து, முழங்காலை மடித்துக் காலை உள்ளே வெளியே திருப்பினார். உள்ளே திருப்பியவுடன் கத்திவிட்டான். ‘இடுப்பு’ என்று அந்த இடத்திலேயே சொன்னார்.

இடுப்பு மூட்டின் நோவு பெரும்பாலும் கவட்டுக்குள் வரும். அதே நரம்புகள் முழங்காலுக்கும் போவதால் முழங்காலில் மட்டும் தெரிவதும் உண்டு. நாரிப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். நொண்டலும் கவட்டு நோவும் சேர்ந்து, சப்பாணி போடவும் முடியாமல் போனால், ‘இடுப்பையும் பாருங்கோ’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எனக்கு ஏன் வந்தது? நான் ஒரு பிழையும் செய்யேல்லையே.

பலருக்கு அவர்கள் பிழையே இல்லை. தொடையெலும்புக் கழுத்து முறிந்தால், அல்லது விபத்தில் இடுப்பு மூட்டு விலகினால் அந்தச் சிறு குழாய்கள் அறும். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் மோதி மூட்டு விலகினால் ஆறு மணித்தியாலத்துக்குள் அதைத் திரும்ப இருத்த முயல்வார்கள். தாமதித்தால் எலும்பு சாகும் வாய்ப்புக் கூடுகிறது. அந்த நேரத்தில் முறிவு நெறிவு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கட்டுப் போடுவது நல்லதல்ல. நேரே ஆஸ்பத்திரிக்கு எடுங்கள்.

அடிபடாமல் வருவதற்கு இரண்டு பெரிய காரணங்கள். ஒன்று, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்தைக் கூடிய அளவில் கிழமைக்கணக்காக எடுப்பது. தம்பிக்குச் சிறுநீரக நோய்க்காகக் கொடுத்தது. லூபஸ் நோய்க்காரர், உறுப்பு மாற்றியவர்களும் எடுப்பார்கள். மற்றது, வருடக்கணக்கான குடி. கள்ளோ சாராயமோ கசிப்போ, அளவு மிஞ்சினால் எல்லாம் ஒன்றுதான். எலும்பின் உள்ளே இருக்கும் மச்சைக்குள் கொழுப்புப் பெருத்து, உள்ளழுத்தம் கூடி, இரத்த ஓட்டம் நெரிபடுகிறது. காரணமே பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள்.

அப்ப ஸ்டீரொய்ட் குளிசையை நிப்பாட்டட்டோ?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கிழமைக்கணக்காக எடுத்ததைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். மூல நோயும் திரும்பும். தந்த வைத்தியரிடம் இடுப்பு நோவைச் சொல்லுங்கள், குறைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) வழமையான அளவில் இழுக்கும் இன்ஹேலரை நினைத்து இதற்காகப் பயப்படத் தேவையில்லை.

பெயரில்லாத பொடியும், கடதாசியில் மடித்துத் தரும் வெள்ளைக் குளிசையும் வேறு கதை. அப்படிப்பட்ட மருந்துகளில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எடுத்த அன்றே நோவு பறந்தது என்றால் சந்தோசப்படாமல், அது என்ன மருந்து என்று விசாரியுங்கள்.

எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டிட்டினம். இன்னும் என்ன பாக்கிறது?

தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். உள்ளே நடப்பதை எம்.ஆர்.ஐ தான் முதலில் காட்டும். ஒரு பக்கம் மட்டும் நொந்தாலும் இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அடிபடாமல் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இரண்டு பக்கமும் வருகிறது. நோகாத வலப்பக்கத்தில் தம்பிக்கு இருந்தது அந்தப் படத்தில்தான் தெரிந்தது. அதனால்தான் அந்தப் பக்கம் தப்பியது.

என்ர உடம்பில செல் பீஸ் கிடக்கு. எம்.ஆர்.ஐ எடுக்கலாமோ?

செல் பீஸ் என்பது போரில் உடம்புக்குள் பாய்ந்த எறிகணைத் துண்டு. வெளியூர்களில் எழுதும் கேள்வி பதில்களில் இந்தக் கேள்வி அபூர்வம். எங்கள் பக்கத்தில் வாங்கில் இருக்கும் பத்துப் பேரில் ஒருவராவது கேட்கிறார். எம்.ஆர்.ஐ என்பது பெரிய காந்தம். இரும்புத் துண்டு அதற்குள் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ, முள்ளந்தண்டுக்குக் கிட்டவோ, பெரிய இரத்தக் குழாய்க்கு அருகிலோ இருந்தால் ஆபத்து. தசைக்குள் வருடக்கணக்காக இறுகிப்போய்க் கிடக்கும் சிறு துண்டு என்றால் பார்த்து அனுமதிப்பதும் உண்டு.

ஆகவே, படிவத்தில் ‘உலோகம் உண்டா’ என்று கேட்கும் இடத்தில் மறைக்காதீர்கள். பழைய கதை கிளறுவார்களோ என்று சிலர் ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அங்கே கேட்பது உங்கள் கண்ணையும் முள்ளந்தண்டையும் காப்பாற்றத்தான். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ முடியாது என்றால் சி.ரி ஸ்கான், எலும்பு ஸ்கான் என்று வேறு வழிகள் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ அளவுக்குத் தெளிவில்லாவிட்டாலும் பயன்படும்.

துண்டில ‘ஸ்டேஜ் 2’ எண்டு கிடக்கு. அது நல்லதோ கெட்டதோ?

இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றாம் கட்டத்தில் எம்.ஆர்.ஐயில் மட்டும் தெரியும். இரண்டாம் கட்டத்தில் எக்ஸ்ரேயிலும் மாற்றம் தெரியும், ஆனால் தலை உருண்டையாகவே இருக்கும். மூன்றாம் கட்டத்தில் மேற்பரப்புக்குக் கீழே பிறைபோல ஒரு வெடிப்பு விழுந்து, தலை அமிழத் தொடங்கும். 2 மில்லிமீற்றர் அமிழ்ந்ததா, அதற்கு மேலா என்றுகூடப் பிரித்துப் பார்க்கிறார்கள். நான்காம் கட்டத்தில் குழியும் தேய்ந்து முழுவதும் மூட்டுவாதமாகிவிடும்.

கட்டத்தோடு அளவையும் கேளுங்கள். தலையில் 15 சதவீதத்துக்குக் குறைவாகச் செத்திருந்தால் சிறியது, 30 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரியது. பாரம் தாங்கும் மேற்பக்கத்தில் பெரிய பகுதி செத்திருந்தால், இரண்டாம் கட்டமாக இருந்தாலும் சீக்கிரம் அமிழும்.

எண்ணெய், பத்துப் போட்டா எலும்புக்கு உயிர் வராதோ?

வராது. தசைப்பிடிப்பு இளகும், அந்தச் சுகம் உண்மைதான். ஆனால் தோலில் தேய்க்கும் எண்ணெய் அந்தத் தலைக்குள் போய்ச் சேராது. அதை நம்பி மாதங்கள் கடப்பதுதான் என் கவலை. எலும்புக்குப் பலம் தரும் அலெண்ட்ரோனேற் குளிசையைச் சில வைத்தியர்கள் எழுதுவார்கள். ஆய்வுகள் அதில் ஒருமிக்கவில்லை.

தலைக்குள்ள துளை போடுறது எண்டால் எலும்பு இன்னும் பழுதாகாதோ?

தொடையின் வெளிப்பக்கத்தில் சிறிய வெட்டு. அங்கிருந்து எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டு, எலும்பின் கழுத்து வழியாகச் செத்த இடம் வரைக்கும் துளைப்பார்கள். ஒரு பெரிய துளையாகவும் போடலாம், 3 மில்லிமீற்றர் அளவில் பல சிறு துளைகளாகவும் போடலாம். உள்ளே கட்டிக்கிடந்த அழுத்தம் இறங்கும். அந்தப் பாதையால் புதுக் குழாய்கள் ஏறிவர வழி கிடைக்கும். தம்பி மயக்கம் தெளிந்த அன்றிரவே, உள்ளுக்குள் இருந்த அந்த இறுக்கம் போய்விட்டது என்றான்.

நீங்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. துளை தொடங்கிய இடத்தில் எலும்பு சில கிழமைக்குப் பலவீனமாக இருக்கும். அதனால்தான் ஏறக்குறைய ஆறு கிழமை ஊன்றுகோலோடு, முழுப் பாரம் வைக்காமல் நடக்கச் சொல்கிறார்கள். நோவு போய்விட்டது என்று மூன்றாம் கிழமையே வரம்பில் இறங்கினால் தொடையெலும்பே முறியலாம். தம்பி அந்த ஆறு கிழமையும் தண்ணீர் இறைக்கவில்லை. கிணற்றடிக்குப் போகாமல் இருக்க வாளியை நான் ஒளித்து வைத்தேன்.

ஸ்டெம் செல் எண்டால் என்ன? எங்கயிருந்து எடுக்கினம்?

எங்கள் ஊரில் செல் என்றால் வானத்திலிருந்து விழுந்தது. ஒரு அம்மா ‘இடுப்புக்குள்ள செல் வைக்கப் போயினமாம்’ என்று சொல்லி அழுததைக் கண்டேன். அதனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளபடி ‘கலம்’ என்றே எழுதுகிறேன். உங்கள் சொந்த மச்சைக்குள், எலும்பாக மாறக்கூடிய கலங்கள் கொஞ்சம் இருக்கின்றன. வேறு ஒருவரிடமிருந்தோ கருவிலிருந்தோ எடுப்பதில்லை. உங்களை மயக்கி, இடுப்பின் மேல்விளிம்பு எலும்பில் ஊசி போட்டு மச்சையை உறிஞ்சுவார்கள். அதை இயந்திரத்தில் சுழற்றி, கலங்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, மேலே சொன்ன துளை வழியாகச் செத்த இடத்துக்குள் விடுவார்கள். துளையும் கலமும் ஒரே சத்திரசிகிச்சையில் முடிந்துவிடும்.

இன்னொரு முறையில் எடுத்த கலங்களை ஆய்வுகூடத்தில் கிழமைக்கணக்காக வளர்த்து, இரண்டாவது தடவை மயக்கி உள்ளே வைப்பார்கள். செலவு பல மடங்கு. கையில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றி மூட்டுக்குள் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி என்பது இவை இரண்டும் அல்ல. அதையும் ‘ஸ்டெம் செல்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

அது உண்மையா வேலை செய்யுமோ?

பிரான்ஸைச் சேர்ந்த பிலிப் எர்னிகூ என்ற வைத்தியர் இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். அவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 116 பேரின் 189 இடுப்புகள் இருந்தன. ஐந்து முதல் பத்து வருடம் வரை பார்த்திருக்கிறார். தலை அமிழ முன்னர் செய்த 145 இடுப்புகளில் 9 மட்டும் பிறகு மாற்று மூட்டுக்குப் போயின. அமிழ்ந்த பிறகு செய்த 44இல் 25 போயின. இந்த இரண்டு எண்களையும் தம்பியின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு நன்றாக இல்லை. தொடக்கக் கட்டத்தில் வெறும் துளையைவிடக் கலம் சேர்த்தது மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வித்தியாசம் காணாதவையும் இருக்கின்றன. மூன்றாம் கட்டத்தினரிடம் செய்து 2018இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் கலம் சேர்த்ததால் பலன் தெரியவில்லை. தட்டையான தலையைக் கலம் நிமிர்த்தாது. தம்பியின் வலப்பக்கத்துக்குத் துளை மட்டும்தான். ஆறு வருடமாக உருண்டை நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு கலம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன், அவனுக்குச் செத்த பகுதி சிறியது.

இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டா மாத்தத் தேவையில்லையாம். ஒராள் சொல்லுறார், போகட்டோ?

அந்த ‘ஒராள்’ எங்கள் வீட்டுக்கும் வந்தார். தம்பியின் இடப்பக்கப் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், நூறு வீதம் சரிவரும் என்றார். கனடாவில் இருக்கும் அண்ணை காசு அனுப்பத் தயாராக இருந்தார், அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கவும் யோசித்தார். அந்தப் பக்கம் ஏற்கெனவே அமிழ்ந்திருந்தது. முந்தைய பதிலில் உள்ள எண்களை அன்றைக்கே தெரிந்திருந்தால் நாங்கள் இரண்டு மாதம் அலைந்திருக்கமாட்டோம்.

சென்னையிலும் வேலூரிலும் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள், போவதே பிழை என்று சொல்லவில்லை. போகமுன் எழுத்தில் கேளுங்கள். என் தலை அமிழ்ந்ததா? செத்த பகுதி எவ்வளவு? வைக்கப்போவது மச்சைக் கலமா, வளர்த்ததா, பி.ஆர்.பியா? துளையும் சேர்த்துத்தானா? பிறகு யார் பார்ப்பது? படத்தைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் நகையைக் கொடுக்காதீர்கள்.

காலெலும்பை வெட்டி இடுப்பில வைக்கிறதாமே?

கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கமாக இருக்கும் மெல்லிய எலும்பின் ஒரு துண்டை, அதன் இரத்தக் குழாயோடு எடுத்துத் தலைக்குள் முட்டுக்கொடுத்து, குழாயை நுணுக்குக்காட்டியின் கீழ் தைப்பார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் அர்பேனியக் 1979இலிருந்து செய்தார். இளவயதினருக்குத் தலை அமிழ முன்னர் செய்தால் நல்ல பலன். மணிக்கணக்கான வேலை, இதில் கைதேர்ந்தவர்களும் குறைவு. எலும்பு எடுத்த காலில் விறைப்போ பெருவிரல் மடிவதோ மிஞ்சலாம். ஜப்பானில் சுகியோக்கா 1970களில் கொண்டுவந்த இன்னொரு வழி, எலும்பை அறுத்துத் தலையைச் சுழற்றி நல்ல பக்கத்தைப் பாரத்துக்குக் கீழே கொண்டுவருவது. இரண்டும் எல்லாருக்கும் ஏற்றவை அல்ல.

32 வயதில மாத்து மூட்டு வைச்சா எத்தினை வருசம் போகும்?

1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி செய்த வடிவம்தான் இன்றைய மூட்டுகளுக்கு அடிப்படை. 2019இல் வந்த ஒரு பெரிய கணக்குப்படி, வைத்த மூட்டுகளில் 58 சதவீதம் 25 வருடம் தாங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். 32 வயதில் வைப்பவர் கூடுதலாக நடப்பார், கூடுதல் காலம் வாழ்வார், எனவே வாழ்நாளில் இன்னொரு தடவை மாற்ற வேண்டிவரலாம். அந்த இரண்டாவது தடவை முதலாவதைவிடக் கடினம்.

அதற்காக, அமிழ்ந்த தலையோடு ஐம்பது வயதுவரை நொண்டிக்கொண்டு காத்திருங்கள் என்று சொல்லவும் மனம் வராது. தம்பிக்கு மாற்று மூட்டு வைத்த பிறகுதான் இரவில் திரும்பிப் படுத்து நித்திரை கொண்டான். பிள்ளை வளரும் வயதில் வேலை செய்ய முடியாமல் முற்றத்தில் இருப்பதும் ஒரு நட்டம். வைக்கமுன் பல், காற்புண், சிறுநீர்க் கிருமி எல்லாம் பார்த்து ஆற்றுங்கள். கிருமி மூட்டுக்குள் போனால் மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

வயல் செய்யலாமோ? குந்தலாமோ? கோயிலில விழுந்து கும்பிடலாமோ?

மாற்று மூட்டு வைத்தபின் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக்கூடாது. மூட்டு விலகும். எந்தப் பக்கத்தால் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டுப்பாடு மாறும். குந்தும் மலசலகூடம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னமே கொமட் வையுங்கள், அல்லது நடுவில் வட்டம் வெட்டிய உறுதியான கதிரை செய்வியுங்கள். எங்களுடையதை ஊர்த் தச்சர் ஒரு பின்னேரத்தில் செய்து தந்தார். பாயில் படுப்பவர் கட்டிலுக்கு மாறவேண்டும்.

பிறகு நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். நாற்று நடுவது, உரமூட்டை சுமப்பது இரண்டையும் விடுங்கள். தம்பி இப்போது வரம்பில் நின்று தண்ணீர் கட்டுகிறான், வெட்டு மெசினுக்கு ஆள் பிடிக்கிறான். கோயிலில் நின்று கும்பிடுகிறான்.

காசு?

அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மூட்டு அங்கேயே கிடைக்குமா, வெளியில் வாங்கச் சொல்வார்களா, வரிசை எவ்வளவு என்பதை முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். வாங்கவேண்டும் என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள்.

மகனுக்கு ஆறு வயது, நொண்டுறான். அவனுக்கும் இதுதானோ?

நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வரும் பெர்தஸ் என்ற நோயிலும் இந்தத் தலைக்கு இரத்தம் குறைகிறது. ஆனால் பிள்ளையின் எலும்பு வளர்கிற எலும்பு, தானே திரும்பக் கட்டும் சக்தி அதற்கு உண்டு. வைத்தியம் வேறு. மேலே உள்ளவற்றை அவனுக்குப் பொருத்திப் பார்க்காமல், தாமதிக்காமல் காட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்து நொண்டினால் அன்றைக்கே காட்டுங்கள், அது மூட்டுக்குள் கிருமியாக இருக்கலாம்.

எனக்கு ஒரு கால் இல்லை, ஜெய்ப்பூர் கால். இருக்கிற காலிலதான் இப்ப ஏ.வி.என். நான் எப்பிடி ஊன்றுகோலில ஆறு கிழமை நிக்கிறது?

புதுக்குடியிருப்புப் பக்கத்து அண்ணை ஒருவர் இதைக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இயன்மருத்துவரிடம் கேட்டு வந்துதான் சொன்னேன். வேலையை முன்பின்னாக மாற்ற வேண்டும். முதலில் செயற்கைக் காலின் குழி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். தளர்ந்த கால் என்றால் அவ்வளவு பாரமும் நோயுள்ள இடுப்பில்தான் விழும். இழந்த காலின் மிச்சப் பகுதியில் புண் இருந்தால் அது ஆறிய பிறகே சத்திரசிகிச்சை. கைக்கும் தோளுக்கும் முன்கூட்டியே பயிற்சி. துளை போட்ட பிறகு அந்த ஆறு கிழமைக்குச் சக்கர நாற்காலி. படிக்கட்டு, மலசலகூட வாசல் எல்லாவற்றையும் அதற்கு முன்னமே சரிசெய்து வைக்க வேண்டும்.

ஒரு கால் இல்லாதவருக்கும் மாற்று மூட்டு வைக்கிறார்கள். கிளினிக்கில் வைத்தியர் சாறத்தை உயர்த்திப் பார்க்கும்வரை காத்திருக்காமல், இரண்டு காலின் கதையையும் முதலிலேயே சொல்லுங்கள். அந்த அண்ணையின் வீட்டு வாசற்படிக்கு மேலாகப் போன மாதம் சீமெந்துச் சரிவு போட்டாயிற்று. திகதிக்குக் காத்திருக்கிறார்.